தோட்டா மருந்தும் சட்டமும்: கருமருந்து முதல் மணலிக் கிடங்கு வரை

ஒரு தோட்டாவைப் பிரித்தால் நான்கு பொருள்கள் கிடைக்கும்: பித்தளைக் கூடு, அதன் அடியில் அடித்தால் பொறி எழுப்பும் கேப்பு, முனையில் ஈயக் குண்டு, இடையில் மருந்து. சுட்டு முடித்தபின் கூடு மட்டுமே மிஞ்சும். அந்தக் கூட்டில் புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவது மறுநிரப்பு எனப்படும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேட்டைக்காரர்களும் குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்களும் வீட்டு மேசையிலேயே இதைச் செய்கிறார்கள். இந்தியாவில் இவ்வழக்கம் வேரூன்றவில்லை. மருந்தின் மேல் அடுக்கடுக்காக விழுந்த சட்டங்களே அதற்குக் காரணம்.

அந்தச் சட்டங்கள் எல்லாம் ஒரே நோக்கில் பிறந்தவை அல்ல. மருந்து யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேட்டன. எங்கே, எப்படி வைத்திருக்கிறார்கள் என்று அடுத்துக் கேட்டன. அதற்குள் என்ன கலந்திருக்கிறது, அது கையாளுபவரின் உடலை என்ன செய்யும் என்ற கேள்வி கடைசியாக வந்தது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு நீண்ட இந்த வரலாற்றின் தடங்கள் தண்டையார்பேட்டையைச் சுற்றிய வடசென்னையில் தெளிவாகக் காணக் கிடைக்கின்றன.

கருமருந்தின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை துப்பாக்கி மருந்து என்றால் கருமருந்துதான். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றையும் இடித்துக் கலந்து, ஈரம் காட்டி, குருணையாக்கி உலர்த்துவார்கள். மூன்றில் விலை உயர்ந்தது வெடியுப்பு. கிழக்கிந்தியக் கம்பெனி அதைப் பெருமளவில் பீகாரிலிருந்து வாங்கிக் கப்பலேற்றியது. கனமான சரக்கு என்பதால் கப்பலின் அடித்தளத்தில் பாரமாகவும் அது பயன்பட்டது.

படைகளுக்கு மருந்து தேவைப்பட்ட இடங்களில் அரசே ஆலை வைத்தது. தண்டையார்பேட்டைக்குத் தென்மேற்கே, பேசின் பாலத்தைத் தாண்டினால் வரும் புளியந்தோப்பில் பவுடர் மில்ஸ் சாலை என்றொரு தெரு இருக்கிறது. கருமருந்து ஆலையின் நினைவை இன்றும் பெயரில் சுமக்கும் தெரு அது. அருகில் வசிப்பவர்களில் பலருக்கு அந்தப் பெயரின் பொருள் இப்போது தெரியாது.

கருமருந்து ஆலைகளில் எழுதப்பட்ட சட்டம் வருவதற்கு முன்பே எழுதாத சட்டங்கள் இருந்தன. இரும்புக் கருவி கூடாது. மரமும் செம்பும் மட்டுமே. ஆணி அடித்த செருப்புடன் உள்ளே வரக்கூடாது. தீக்குச்சியும் புகையிலைச் சுருட்டும் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். சிந்திய தூளை உடனே பெருக்கி எடுக்க வேண்டும். அனுபவத்தில் கற்ற இந்தக் கட்டுப்பாடுகள் பின்னர் வெடிபொருள் விதிகளில் அப்படியே ஏறின.

ஊர்ப்புறத்தில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் மருந்தைக் கொம்பிலோ குடுவையிலோ இடுப்பில் கட்டி வைத்திருப்பார்கள். குழலை நிமிர்த்திப் பிடித்து, அளவு மருந்தை வாய்வழியே கொட்டி, தென்னை நாரையோ துணிக்கந்தலையோ அடைத்து, நீண்ட கம்பியால் கெட்டிப்பார்கள். அதன்மேல் ரவை, ரவை உருண்டு வெளியே வராமல் இன்னொரு அடைப்பு. கடைசியாகப் புறத்தே உள்ள சிறு முளையில் கேப்பு. இத்தனையும் முடிந்தால் ஒரு வெடி. துப்பாக்கியில் மருந்து நிரப்புவதைக் ‘கெட்டிப்பது’ என்று தமிழில் சொல்வது இந்தச் செயலிலிருந்து வந்த பேச்சு. ஒவ்வொரு வெடிக்கும் தன் கையாலேயே மருந்து அளந்து போட்ட இந்த முறையைத்தான் தமிழ்நாட்டின் மறுநிரப்பு வழக்கம் என்று சொல்ல முடியும். கொல்லிமலை போன்ற மலைப்பகுதி மக்களிடமும் நரிக்குறவர்களிடமும் அது நெடுங்காலம் தொடர்ந்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியபோது அதன் தேவையும் ஒடுங்கியது.

யார் கையில்?

1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கில அரசு இந்தியர் கையிலிருந்த ஆயுதங்களைக் கண்டு அஞ்சியது. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது வந்த 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அந்த அச்சத்தின் வடிவம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமானது. ‘தோட்டா மருந்து வகைகள்’ என்பதற்கு அச்சட்டம் தந்த வரையறை விரிந்தது: கேப்பு, துப்பாக்கி அடைப்பு, திரி, தோட்டாவின் உறுப்புகள், அவற்றைச் செய்யும் இயந்திரம் எல்லாம் அதற்குள் வந்தன. ஈயமும் கந்தகமும் வெடியுப்பும் மட்டும் அந்த வரையறையிலிருந்து விலக்கப்பட்டன. மூன்றுமே சந்தையில் வேறு பல தொழில்களுக்கு வேண்டிய சரக்கு என்பதால் அவற்றை முழுதாகப் பூட்டிவைக்க முடியாது.

விடுதலைக்குப் பின் அதன் இடத்தில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. துப்பாக்கியில் இடும் மருந்து அளவுகள், அவற்றின் துணைப்பொருள்கள், தோட்டாவின் உறுப்புகள், தோட்டா செய்யும் இயந்திரங்கள் எல்லாம் இங்கேயும் ‘தோட்டா’ என்ற சொல்லுக்குள் அடங்கின. மூலப்பொருள்களையும் மத்திய அரசு அறிவிக்கை வழியாக அதில் சேர்க்கலாம் என்று ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டது. விளைவு எளியது. வெளிநாட்டில் கடையில் வாங்கிக்கொள்ளும் கையால் இயக்கும் ஒரு தோட்டா அச்சும் காலிக் கேப்பும் இங்கே தோட்டாவுக்கு நிகராக எண்ணப்படும். உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்குள் கடையில் ஆயத்தத் தோட்டா வாங்குவதே வழி. அரசு ஆலைகளில் செய்த ‘12 போர்’ (bore) அளவுத் தோட்டாக்களே பல பத்தாண்டுகள் ஊர்க் கடைகளை நிரப்பின.

இந்த முதல் அடுக்கில் பாதுகாப்பு என்பது ஆட்சியின் பாதுகாப்பையே குறித்தது. மருந்தை இடித்தவனும் சுமந்தவனும் அதில் வரவில்லை.

எங்கே, எப்படி?

சுரங்கமும் ரயில் பாதையும் வந்தபோது வெடிபொருளின் அளவு பெருகியது. ஆல்ஃபிரட் நோபல் 1867இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றபின் ஆபத்தும் வணிகமும் கூடவே வளர்ந்தன. பிரிட்டன் 1875இல் வெடிபொருள் சட்டம் செய்தது. அதன் வழியில் இந்தியாவில் 1884இன் நான்காம் சட்டமாக இந்திய வெடிபொருள் சட்டம் வந்தது. செய்தல், வைத்திருத்தல், விற்றல், கொண்டுசெல்லல், இறக்குமதி என்ற ஒவ்வொன்றுக்கும் உரிமம் வேண்டும் என்பது அதன் சாரம். கருமருந்து, நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு முதல் வாணவேடிக்கை வரை எல்லாம் அதன் பார்வைக்குள் வந்தன. தலைமை வெடிபொருள் ஆய்வாளரின் துறை 1898இல் தொடங்கியது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இன்று இயங்கும் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, அதாவது பெசோ, அதன் வாரிசு.

இச்சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 1940, 1983, 2008 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டன. வெடிபொருள்களை அவை வகுப்புகளாகப் பிரித்தன. கருமருந்து முதல் வகுப்பு. நைட்ரோ சேர்மங்கள் மூன்றாம் வகுப்பு. ஆயத்தத் தோட்டா ஆறாம் வகுப்பு. பட்டாசு ஏழாம் வகுப்பு. ஒரே தோட்டாவைப் பிரித்து வைத்தால் அதன் மருந்து ஒரு வகுப்பிலும் முழுத் தோட்டா இன்னொரு வகுப்பிலும் போய்ச் சேரும். கிடங்கு எங்கே கட்டலாம், குடியிருப்பிலிருந்து எத்தனை தூரம், இடிதாங்கி, கதவு, தரை என்று ஒவ்வொன்றும் எழுதப்பட்டது. இரண்டாம் கேள்விக்கான விடைகள் இவை.

புகையில்லா மருந்தும் இந்திய வெயிலும்

1884இல் பிரான்ஸ் நாட்டின் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டறிந்தார். பஞ்சை அமிலத்தில் தோய்த்துக் கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸ் அதன் அடிப்படை; வெடிபஞ்சு அதில் ஒரு வகை. பிரிட்டனில் வேதியியலாளர்கள் ஏபலும் டூவாரும் 1889இல் கார்டைட்டை உருவாக்கினர். நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் அசிட்டோனில் குழைத்து, சிறிது வாசலினும் சேர்த்து, மாவாக்கி, துளையிட்ட அச்சில் இட்டு இடியாப்பம் பிழிவது போலப் பிழிந்து எடுப்பார்கள். நூல்போல நீண்டு வருவதால்தான், கயிற்றைக் குறிக்கும் ‘கார்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து, அதற்கு அந்தப் பெயர்.

புது மருந்து புகையைக் குறைத்தது, விசையைக் கூட்டியது. கூடவே பழைய கருமருந்துக்கு இல்லாத ஒரு குறையும் அதில் இருந்தது. நன்றாக மூடி ஈரம் படாமல் வைத்த கருமருந்து ஆண்டுக்கணக்கில் மாறாமல் கிடக்கும். நைட்ரோசெல்லுலோஸ் அப்படியன்று. அது வைத்த இடத்திலேயே மெல்ல மெல்லச் சிதைகிறது. சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு ஆவிகள் வெளிவருகின்றன. அந்த ஆவிகள் மேலும் சிதைவைத் தூண்டுகின்றன. சூடு ஏறினால் வேகம் கூடும். முற்றிய நிலையில் டப்பாவைத் திறந்தால் காரமான நெடியும் செம்பழுப்பு ஆவியும் எழும். அதற்கும் மிஞ்சினால் தீயே தேவையில்லை, தானாகப் பற்றிக்கொள்ளும்.

பிரான்ஸ் இதற்குப் பெரிய விலை கொடுத்தது. 1907 மார்ச் 12 அன்று தூலோன் துறைமுகத்தில் இயேனா என்ற போர்க்கப்பலும், 1911 செப்டம்பர் 25 அன்று அதே துறைமுகத்தில் லிபெர்த்தே என்ற போர்க்கப்பலும் தம் மருந்துக் கிடங்குகள் வெடித்து அழிந்தன. சிதைவு ஆவிகளை உறிஞ்சிக்கொள்ளும் டைஃபினைலமைன் என்ற நிலைப்படுத்தியைச் சேர்ப்பது அதன்பின் பிரான்சிலும் நிலைத்தது. புகையில்லா மருந்துக்கு ஆயுள் உண்டு, அதைக் காலந்தோறும் சோதிக்க வேண்டும் என்ற பாடத்தை உலகம் இப்படிக் கற்றது.

வெயில் நாடான இந்தியாவுக்கு இந்தப் பாடம் இரட்டிப்பாகப் பொருந்தும். கார்டைட்டை இங்கேயே செய்ய முடிவானபோது ஆலைக்குத் தேர்ந்த இடம் நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காடு. குளிர்ந்த காற்றும் நீர்வளமும் அங்கே இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், சரியாகச் சொன்னால் 1904இல், ஆலை இயங்கத் தொடங்கியது. பள்ளத்தாக்கில் தள்ளித் தள்ளி நிற்கும் சிறு கட்டடங்களாக அது அமைந்தது. ஒரு கட்டடத்தில் நேரும் வெடிப்பு அடுத்ததைத் தொடக்கூடாது என்பதே அந்த இடைவெளியின் பொருள். மலை ரயிலின் பாதையில் அதற்கென ஒரு நிலையமும் உண்டு. 2021 அக்டோபர் முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. தமிழ்நாட்டில் துப்பாக்கி மருந்தின் வரலாற்றைத் தொடர்ந்து சுமக்கும் இடம் அதுவே.

துறைமுகமும் தொட்டிகளும்

இனி வடசென்னைக்குத் திரும்பலாம். சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு தொண்டியிலிருந்து வந்து தங்கியதால் தொண்டியார்பேட்டை என்று வழங்கி, பின்னர் தண்டையார்பேட்டையாக மருவியது என்பது ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். அவர் வாழ்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது தோப்பும் மணலுமான இடம். துறைமுகமும் ரயிலும் எண்ணெயும் சேர்ந்து அதைத் தொழிற்பகுதியாக்கின.

வெடிமருந்தும் எண்ணெயும் ஒன்றையொன்று சந்தித்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை 1914 செப்டம்பர் 22 இரவில் கண்டது. கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில் வந்த எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்தின் மேல் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. தாக்குதல் அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. ஊரை விட்டு ஓடிய மக்கள் திரும்ப நாளாயிற்று. ‘அவன் பெரிய எம்டன்’ என்ற பேச்சு இன்றுவரை நிற்கிறது.

எண்ணெய்க்கான சட்டம் 1899இல் வந்து, 1934இல் இன்றைய பெட்ரோலியம் சட்டமாக மாறியது. அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு வெடிபொருள் துறைக்கே வந்தது. ஆகவே தண்டையார்பேட்டையின் எண்ணெய் முனையத்துத் தொட்டிகளும், அங்கிருந்து வரிசையாகக் கிளம்பும் டேங்கர் லாரிகளும், தெருமுனைப் பெட்ரோல் பங்கும் பெறும் அனுமதி, வெடிபொருளுக்காகப் பிறந்த அதே அலுவலகத்திலிருந்து வருகிறது. தொட்டிக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு தூரம், எந்தப் பொறியும் எழாத விளக்கு எது என்று கேட்கும் முறை கருமருந்துக் கிடங்கில் கற்றது.

சினிமாவும் இதே குடும்பத்தில் சேர்ந்தது. பழைய படச்சுருள் நைட்ரோசெல்லுலோஸில் ஆனது. நைட்ரஜன் அளவு குறைவு என்பதைத் தவிர வெடிபஞ்சின் நெருங்கிய உறவு. பற்றிக்கொண்டால் தண்ணீரில் அமிழ்த்தினாலும் எரியும், ஏனெனில் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் 1948இன் சினிமாப் படச்சுருள் விதிகள் வெடிபொருள் துறையின் கையில் கொடுக்கப்பட்டன. 1950களின் தொடக்கத்தில் உலகம் தீப்பிடிக்காத சுருளுக்கு மாறியது. தண்டையார்பேட்டையின் அகஸ்தியா திரையரங்கு 1967இல் திறந்தபோது அந்த ஆபத்து விலகியிருந்தது.

பயணத்தின் விதிகள்

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதிகளும் வெடிபொருளும் ஒரே கப்பலில் இருந்தன. பல நூறு பேர் மாண்டார்கள், துறைமுகத்தின் ஒரு பகுதியே தரைமட்டமானது. எந்தச் சரக்கு எதன் அருகே இருக்கக்கூடாது என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு இந்தியாவில் இல்லை.

இன்று கடல்வழிச் சரக்குக்கு ஐக்கிய நாடுகளின் எண்முறை உண்டு. கருமருந்து எண் 27, பிரிவு 1.1டி: மொத்தமாக ஒரே நொடியில் வெடிக்கக்கூடியது. புகையில்லா மருந்தில் பெரும்பாலானது எண் 161, பிரிவு 1.3சி: கடும் தீயாக எரியும், முழுதும் ஒருசேர வெடிக்காது. சிறு துப்பாக்கித் தோட்டா எண் 12, பிரிவு 1.4எஸ்: விபத்து நேர்ந்தாலும் விளைவு பெட்டிக்குள்ளேயே அடங்கும். ஒரே மருந்து டப்பாவில் இருந்தால் ஒரு விதி, பித்தளைக் கூட்டுக்குள் சிறுசிறு அளவாகப் பிரிந்திருந்தால் அதைவிட இலகுவான விதி. ஆயத்தத் தோட்டாவை அனுப்புவது எளிது, அதற்குள் இருக்கும் மருந்தைத் தனியே அனுப்புவது கடினமும் செலவும் மிக்கது. உலகெங்கும் மறுநிரப்பு மருந்தின் விலையையும் கிடைப்பதையும் தீர்மானிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ரயிலில் இதே வேலையைச் செய்வது ‘ரெட் டாரிஃப்’ என்ற விதித் தொகுப்பு. தண்டையார்பேட்டை போன்ற சரக்கு யார்டுகளில் பெட்டிகளைத் தள்ளிவிட்டு உருண்டு போய்ச் சேரவிடுவது வழக்கம். வெடிபொருள் ஏற்றிய பெட்டியை அப்படி உருட்டிவிடக்கூடாது. எஞ்சினோடு இணைத்தே மெதுவாக நகர்த்த வேண்டும்.

உள்ளே என்ன?

தமிழில் உடலைக் குணப்படுத்துவதும் மருந்து, துப்பாக்கியில் கெட்டிப்பதும் மருந்து. நைட்ரோகிளிசரின் இரண்டுமாக இருக்கிறது. இரத்தக் குழாய்களை விரிப்பதால் நெஞ்சுவலிக்கு அது கைகண்ட மருந்து. அதே காரணத்தால் வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்தவர்களுக்குத் தாங்க முடியாத தலைவலி வரும். சில நாளில் உடல் பழகிவிடும். வார விடுமுறை முடிந்து திரும்பினால் வலியும் திரும்பும். அதைத் தவிர்க்க விடுமுறையிலும் தொப்பிப் பட்டையில் சிறிது நைட்ரோகிளிசரினைத் தடவி வைத்துக்கொண்ட தொழிலாளர்கள் மேலைநாட்டு ஆலைகளில் இருந்தார்கள். கிடங்கின் சுவரை அளந்து எழுதிய சட்டம் இந்தத் தலைவலியை நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை.

புகையில்லா மருந்தின் துணைப்பொருள்களும் கவனிக்க வேண்டியவை. எரியும் வேகத்தை மட்டுப்படுத்தக் குருணையின் மேல் டைநைட்ரோடொலுயீன் பூசப்படுவதுண்டு. அது புற்றுநோய் விளைவிக்கக்கூடியது. நெகிழ்வூட்டச் சேர்க்கும் டைபியூட்டைல் தாலேட் இனப்பெருக்க ஆற்றலைக் கெடுக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2007 ஜூன் முதல் செயல்படுத்திய ரீச் என்ற வேதிப்பொருள் ஒழுங்குமுறை இவ்விரண்டையும் சிறப்பு அனுமதி பெற வேண்டிய பொருள்களின் பட்டியலில் வைத்தது. அந்த அனுமதி இன்றித் தாலேட்டை 2015 பிப்ரவரி 21க்குப் பிறகும், டைநைட்ரோடொலுயீனை 2015 ஆகஸ்ட் 21க்குப் பிறகும் பயன்படுத்த முடியாது. மருந்து ஆலைகள் கலவையை மாற்ற வேண்டியதாயிற்று. கலவை மாறினால் எரியும் வேகம் மாறும். வேகம் மாறினால் பழைய அளவுப் பட்டியல் செல்லாது. ஐரோப்பாவில் வீட்டில் தோட்டா நிரப்புபவர்கள் பழகிய சில மருந்துகளை இழந்து, புதியவற்றுக்கு அளவுகளைத் தொடக்கத்திலிருந்து கற்றார்கள். துப்பாக்கியைக் குறிவைக்காத ஒரு வேதிப்பொருள் சட்டம் துப்பாக்கி மருந்தின் உள்ளடக்கத்தையே மாற்றியது இவ்வாறுதான். அதே ஒழுங்குமுறையின் கீழ் 2023 பிப்ரவரி 15 முதல் ஐரோப்பிய ஈரநிலங்களில் ஈய ரவைக்கும் தடை வந்தது.

இந்தியாவில் இந்த மூன்றாம் கேள்வி தொழிலாளர் சட்டத்தின் வழியே நுழைந்தது. 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களைப் பட்டியலிட்டது. ஈய நஞ்சு, நைட்ரஸ் ஆவி நஞ்சு, பென்சீன் குடும்பத்து நைட்ரோ சேர்மங்களின் நஞ்சு ஆகியவை அதில் இருந்தன. குண்டு வார்ப்பவர், வெடிபஞ்சு செய்பவர், மருந்துக்குப் பூச்சு இடுபவர் என்று தோட்டாத் தொழிலின் ஒவ்வொரு கையும் அந்தப் பட்டியலில் அடங்கியது. போபாலில் 1984 டிசம்பரில் நேர்ந்த பேரழிவுக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989இல் அபாயகர வேதிப்பொருள்களைச் செய்தல், சேமித்தல், இறக்குமதி செய்தலுக்கான விதிகளும் வந்தன. அவ்விதிகளின் பட்டியலில் நைட்ரோகிளிசரினும், 12.6 விழுக்காட்டுக்கு மேல் நைட்ரஜன் கொண்ட நைட்ரோசெல்லுலோஸும் இருக்கின்றன. குறித்த அளவுக்கு மேல் வைத்திருப்பவர் பாதுகாப்பு அறிக்கை தர வேண்டும். ஆலைக்கு வெளியே வசிப்பவர்களுக்கான அவசரத் திட்டமும் இருக்க வேண்டும். சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் நெருங்கி நிற்கும் வடசென்னையின் மணலி, எண்ணூர் பகுதிக்கு இவ்விதிகள் அன்றாட வாழ்க்கையைத் தொடுபவை.

மணலியில் ஒரு கிடங்கு

அமோனியம் நைட்ரேட் உரமாகவும் சுரங்க வெடிபொருளின் மூலமாகவும் பயன்படுவது. எடையில் 45 விழுக்காட்டுக்கு மேல் அது கொண்ட கலவைகளை வெடிபொருள் என மத்திய அரசு 2011 ஜூலையில் அறிவித்தது. 1884இன் சட்டமே அதற்கு அதிகாரம் தந்தது. 2012இல் தனி விதிகள் வந்தன. 2015இல் உரிய அனுமதி இல்லை என்று சுங்கத்துறை பறிமுதல் செய்த ஏறத்தாழ 700 டன் சரக்கு மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் ஐந்தாண்டு கிடந்தது. ஒவ்வொரு சட்டமும் அதன் ஏதோ ஒரு பகுதியைக் கவனித்தது. அதை அங்கிருந்து அகற்றும் வேலை மட்டும் நின்றுபோயிற்று.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அதே பொருள் 2,750 டன் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது வடசென்னை விழித்துக்கொண்டது. அந்த மாதத்துக்குள்ளேயே 37 கன்டெய்னர்களில் இருந்த சரக்கு ஏலத்தில் எடுத்தவரிடம் ஹைதராபாதுக்கு லாரிகளில் அனுப்பப்பட்டது. 2012 விதிகளுக்கு அடுத்த ஆண்டு, 2021இல், வந்த திருத்தம் இறக்குமதிச் சரக்கு துறைமுகத்திலிருந்து 500 மீட்டருக்கு அப்பால் போய்விட வேண்டும் என்றும், பறிமுதல் சரக்கை ஏலம் விடலாம் என்றும் தெளிவாக்கியது.

வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து அவற்றின் நச்சுத்தன்மையை மதிப்பிடும் இந்திய விதிகளுக்கு 2020இல் வரைவு தயாரானது. ரீச் போன்ற அந்த ஏற்பாடு முழுமையாக நடைமுறைக்கு வரும்போதுதான் மூன்றாம் கேள்விக்கு இந்தியச் சட்டம் முழு விடை தரும். யார் கையில் என்ற கேள்வி அரசைக் காத்தது. எங்கே, எப்படி என்ற கேள்வி அக்கம்பக்கத்தைக் காத்தது. உள்ளே என்ன என்ற கேள்வியே மருந்தைத் தொட்டு வேலை செய்யும் கையைக் காப்பது.